அச்சாபீஸுக்குக் கை ஒடிந்த கதை

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி பள்ளிக்கூடம் முழுக்க அவள் அச்சாபீஸ். வாத்தியார்கள்கூட சில நேரம் மறந்துபோய் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் மறந்துபோய் அதற்குத்தான் எழுந்து நிற்பாள்.

பெயர் வந்தது நோட்டினால். பாடத்தை அவள் நோட்டில் எழுதுவது, மற்றவர்கள் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது மாதிரி. தலைப்புக்குக் கருநீலம், உள்தலைப்புக்குப் பச்சை, வரையறை என்றால் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அடிக்கோடு போட ஒரு ஸ்கேல், அந்த ஸ்கேலைத் துடைக்க ஒரு துணி. ஓர் எழுத்து பிசகினால் அடிக்கிற பேச்சே இல்லை. தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து. வருஷக் கடைசியில் மற்றவர்களின் நோட்டு உப்பிப் போயிருக்கும், அவளுடையது மெலிந்திருக்கும். அவள் வரைந்த இரைப்பையைப் பார்த்தால் பசியெடுக்கும் என்று வகுப்பில் சொல்வார்கள்.

பரீட்சை நெருங்கும்போது அந்த நோட்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். ஒருத்தி எடுத்தாள் என்று இன்னொருத்தி எடுத்து, பக்கத்து வகுப்புக்காரர்கள் எடுத்து, கடைசியில் நோட்டுக்குச் சொந்தக்காரி கடைக்குப் போய்த் தன் நோட்டைத் தானே இரவல் கேட்டு வாங்கி வருவாள். "இந்தத் தடவை படமெல்லாம் நல்லா வந்திருக்கும்மா" என்று கடைக்காரர் பாராட்டுவார். அவருக்கு உயிரியல் பிடித்துப்போனதே இந்த நோட்டினால்தான்.

இவ்வளவு சொன்னபிறகு அவள் வகுப்பில் முதல் என்று நினைத்தால் அது நினைப்பவர்களின் குற்றம். ஊருக்கெல்லாம் விளக்கேற்றுகிறவள் வீட்டில் எண்ணெய் இல்லை. அறிவியலில் அவள் தட்டுத் தடுமாறித்தான் பாஸாவாள். அவளுடைய நோட்டின் நகலைப் படித்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போவார்கள். அதில் முன்னால் போகிறவன் தூங்குமூஞ்சி. கடைசி பெஞ்சில் கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மத்தியானப் பாடங்களைக் கண்ணை மூடிக் கேட்கிறவன். அரைப்பரீட்சையில் அவன்தான் முதல். அச்சாபீஸ் வழக்கம்போல விளிம்பில்.

விடைத்தாள் கொடுத்த அன்று அறிவியல் டீச்சர் சொன்னார்: "உன் நோட்டை மட்டும் பரீட்சை எழுத அனுப்பியிருந்தா அது தொண்ணூறு வாங்கியிருக்கும். நீ எதுக்கும்மா கூடப் போனே?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். கூட்டத்தோடு சிரிப்பது எளிது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் பசி போயிருந்தது தெரிந்தது.

வெறும் மார்க் விஷயமாக இருந்தால் அவள் இத்தனை கவலைப்பட்டிருக்க மாட்டாள். அடுத்த வருஷம் அறிவியல் பிரிவில் உட்கார வேண்டும் என்றால் ஆண்டுப் பரீட்சையில் அறிவியலில் ஒரு கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் சட்டம். தாண்டாதவர்களுக்குக் கணக்குப்பதிவுப் பிரிவு. கணக்குப்பதிவில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் ரத்தம் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு ரத்தம் வேண்டும். சின்ன வயதில் காய்ச்சல் என்று ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில், அழுகையை நிறுத்துவதற்காக அங்கே வேலை பார்த்த அம்மாள் அவளைத் தூக்கி நுண்ணோக்கியில் பார்க்கவைத்தார். அதில் தெரிந்தது அவளுடைய ரத்தமேதான். வட்டம் வட்டமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வகுப்பில் பாதிப்பேர் டாக்டராகப் போகிறவர்கள். அவளுக்கு நோயாளி வேண்டாம்; நோயாளியின் ஒரு சொட்டு போதும்.

அவள் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. படிப்பது என்றால் அவளுக்கு எழுதுவது; எழுதுவது என்றால் அழகாக எழுதுவது. கை எழுதிக்கொண்டிருக்கும்போது மனசு அடுத்த வரிக்குப் பச்சையா நீலமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பாடம் கண் வழியாக வந்து கை வழியாகப் போய்விடும், நடுவில் எங்கும் இறங்காமல். பரீட்சையில் கேள்வியைப் பார்த்ததும் விடை இருக்கிற பக்கம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இடது பக்கம், மூன்றாவது பத்தி, சிவப்புக் கட்டம். கட்டம் தெரியும். கட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியாது.

ஆண்டுப் பரீட்சைக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்தபோது பச்சை மை தீர்ந்துபோனது. பச்சை இல்லாமல் உள்தலைப்பு இல்லை. உள்தலைப்பு இல்லாமல் படிப்பு இல்லை. ஓட்டமும் நடையுமாகப் பேனாக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அப்போதுதான் வாசற்படியைக் கழுவி விட்டிருந்தார். வாங்கிக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கியது. பேனாக்களைக் காப்பாற்ற இடக்கையை உயர்த்திக்கொண்டாள். தன்னைக் காப்பாற்ற வலக்கையை ஊன்றினாள். பேனாக்களில் ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டு எலும்பு ஒடிந்தது.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டரிடம் அவள் கேட்டது வலியைப் பற்றி இல்லை. பரீட்சைக்கு முன்னால் கட்டைப் பிரித்துவிடலாம், பரீட்சை எழுதலாம், ஆனால் அதுவரைக்கும் பேனாவைத் தொடக்கூடாது என்றார் அவர். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். எந்த நெரிசலிலும் பதறாதவர். "அப்புறம் என்ன? புத்தகம் இருக்கே, படி" என்றார். அரிசி இருக்கே, சாப்பிடு என்றதுபோல் இருந்தது அவளுக்கு.

வகுப்பிலிருந்து கூட்டமாக வந்து பார்த்தார்கள். கைக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நோட்டுக்கு எப்படி இருக்கிறது என்று மற்ற எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் போனபிறகு இடக்கையால் எழுதிப் பார்த்தாள். மையில் விழுந்த எறும்பு எழுந்து வீட்டுக்குப் போன தடம் மாதிரி இருந்தது.

அம்மா சலவைக் கடையில் துணி மடிக்கிறவள். மடிப்பு கலைந்த எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெண் முகம் கோணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியவளைக் கூப்பிட்டாள். "நீ எழுதிக் குடுடீ. அவ சொல்லட்டும், நீ எழுது. கையா தேஞ்சுபோகும்?"

பெரியவள், அதாவது அக்கா, பள்ளிப்படிப்பு முடிந்த அன்றே புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, அவர் மனம் மாறுவதற்குள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டவள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் வேலையில் இருந்தாள். லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே மாட்டியவர்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். அவர்கள் பயத்தில் பத்து விஷயம் சொல்வார்கள். போன பிறவியில் செய்த பாவம்வரைக்கும் வரும். அதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால், கேட்டதைத் தன் வாயால் அவர்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் ஆமாம் என்றால்தான் பேனா சீட்டைத் தொடும். அது கம்பெனியின் விதி. ஒருமுறை அவள் புரியாமலே தலையாட்டி எழுதிவிட்டாள். மெக்கானிக் தப்பான கட்டிடத்துக்குப் போய்விட்டார். சரியான கட்டிடத்தில் யாரோ ஒருவரின் மாமனார் லிஃப்டுக்குள்ளேயே பேப்பரை முழுதாகப் படித்து முடித்து, வரி விளம்பரங்களுக்கு வந்திருந்தார்.

"நான் எழுதினா அவளுக்கே படிக்க வராது" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அம்மா மடித்த துணியை இன்னொரு முறை தட்டினாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். எழுத வேறு தாள் இல்லை என்று அக்கா கைப்பையிலிருந்து புகார்ச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்தாள். சீட்டில் நாலே நாலு கட்டம் அச்சடித்திருக்கும்: இடம், யார், என்ன கோளாறு, என்ன செய்தோம். தங்கை புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஆரம்பித்தாள். மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்ட, தசையாலான, கூம்பு வடிவ உறுப்பாகும். இதயத்தின் வால்வுகள் இரத்தமானது...

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"வால்வுன்னா என்னடீ?"

"இரத்தம் பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் அமைப்பு."

"புத்தகம் பேசுது. நீ பேசு."

"அதான் சொன்னேனே. எழுதுக்கா."

"எனக்குப் புரியாததை நான் எழுத மாட்டேன். ஆபீஸ் பழக்கம். நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன், நீ ஆமான்னா எழுதறேன்."

தங்கை புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகம் ஏற்கெனவே சொன்னதைத்தான் திரும்பச் சொன்னது. வால்வை அவள் இரண்டு வருஷமாக வரைந்துவருகிறாள், நிழல் எல்லாம் போட்டு. அது என்ன செய்கிறது என்று மனிதர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

"ஒரு பக்கமா மட்டும் திறக்கிற கதவு" என்றாள் கடைசியில். "போறவங்களை விடும். திரும்பி வந்தா விடாது."

"எங்க பழைய ஆபீஸ் வாட்ச்மேன் மாதிரி. சாயங்காலம் வெளிய போனா போனதுதான், குடையை மறந்துட்டேன்னாலும் உள்ள விட மாட்டார்."

"ஆமா."

"இதுக்குத்தான் உனக்கு இத்தனை கலரா?"

அக்கா எழுதினாள். இடம்: இதயம், அறைக்கும் அறைக்கும் நடுவில். யார்: வால்வு. என்ன கோளாறு என்ற கட்டத்தில், கோளாறு இல்லை, பழைய வாட்ச்மேன். தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை, எழுத்து சாய்ந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது, ஓரத்தில் டம்ளர் வைத்த வட்டம். தங்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷம் பட்டுத்துணியில் சுற்றிவைத்த இதயம், இப்போது பொட்டலம் கட்டுகிற தாளில்.

அன்றைக்கு ஒரு பாடத்தில் கால்பங்குகூட முடியவில்லை. அக்கா திருப்பிச் சொன்னதெல்லாம் தப்பாக இருந்தது. ஒவ்வொன்றையும் இல்லக்கா, அப்படி இல்லக்கா என்று நிறுத்தித் திருத்த வேண்டியிருந்தது. திருத்துவதற்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, வரைவதற்காக இல்லாமல் முதல்முறையாகத் தெரிந்துகொள்வதற்காக. இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் மறுநாள் காலையில், ஒற்றைக் கையால் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, தங்கைக்கு ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்பது தானாக வந்தது. பக்கம் தெரியவில்லை, கட்டம் தெரியவில்லை. வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார்.

அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

பெரிய சண்டை வந்தது ரத்தக்குழாய்களில். தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று தங்கை சொன்னாள். அக்கா திருப்பிச் சொன்னாள், எழுதினாள். அடுத்த சீட்டில் நுரையீரல் தமனி வந்தது. அதில் கெட்ட ரத்தம் என்றாள் தங்கை.

"நில்லு" என்றாள் அக்கா. "தமனின்னா நல்ல ரத்தம்னே. இதுவும் தமனி. இதுல கெட்ட ரத்தம்ங்கிறே. அப்ப இதுக்கு ஏன் தமனின்னு பேரு?"

தங்கையின் பழைய நோட்டில் இரண்டு செய்திகளும் இருந்தன. தனித்தனிப் பக்கத்தில், தனித்தனிச் சிவப்புக் கட்டத்தில். ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத குடித்தனக்காரர்கள் மாதிரி இத்தனை காலம் சண்டையில்லாமல் இருந்துவந்தன. இப்போது ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்துவிட்டன.

"அது அப்படித்தான்க்கா. எழுது."

"அப்படித்தான்னு எழுதினா மெக்கானிக் என்னைக் கேப்பார். நிலுவைல போடறேன்." அக்கா சீட்டின் மூலையை மடித்துத் தனியாக வைத்தாள். தீராத புகார் என்றால் மூலையை மடிப்பது அவள் வழக்கம்.

மடித்த மூலை தங்கையை உறுத்திக்கொண்டே இருந்தது. மடிப்பு கலைந்ததைப் பார்க்க முடியாதது அம்மா வழிச் சொத்து. மறுநாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனாள். அறிவியல் டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நுரையீரல் தமனில கெட்ட ரத்தம்தானே டீச்சர் போகுது? அப்புறம் ஏன் அது தமனி?"

டீச்சர் சுளையைக் கீழே வைத்தார். இந்தப் பெண்ணுக்கு இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறார். அவள் கேட்ட ஒரே கேள்வி, டீச்சர் இந்தப் படத்துக்கு எந்தக் கலர் என்பது. "நீயா கேக்கறே?" என்றார். பிறகு பதில் சொன்னார். நல்லது கெட்டது என்பதெல்லாம் சும்மா நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது. பெயர் வந்தது போகிற திசையை வைத்து. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் தமனி, இதயத்துக்குக் கொண்டுவந்தால் சிரை. உள்ளே எது ஓடினாலும் சரி.

சாயங்காலம் அக்கா அதைக் கேட்டாள், யோசித்தாள், திருப்பிச் சொன்னாள்: "பேரு போற வழிக்கு, ஏத்தின சரக்குக்கு இல்ல." தங்கை ஆமாம் என்றாள். மூலை நிமிர்ந்தது.

ஜெராக்ஸ் கடை வாசலில் தூங்குமூஞ்சியைப் பார்த்தபோது அவளுக்கு ரொம்ப நாள் கேள்வி ஒன்று வாயில் வந்துவிட்டது. கேட்கப் பழகிவிட்டாள், பழகினால் நிறுத்துவது கஷ்டம். என் நோட்டைத்தானே படித்தாய், உனக்கு மட்டும் எப்படி வந்தது என்றாள்.

"நான் எங்க படிச்சேன்?" என்றான் அவன், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "தாளை நெட்டுக்க மடிச்சுத் தலைப்பு மட்டும் தெரியற மாதிரி வச்சுக்குவேன். உள்ள என்ன இருக்கும்னு எனக்கே சொல்லிப் பார்ப்பேன். வரலைன்னா பிரிச்சுப் பார்ப்பேன். வந்துடுச்சுன்னா தூங்கிடுவேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உன் நோட்டு. உனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து சீட்டுகள் மடிந்தன. இடம் என்ற கட்டம் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. அப்பா சாப்பிடும்போது ஒரு சீட்டை உருவி, "இரைப்பை" என்று நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். அவள் அங்கே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் சொல்ல வேண்டும். தவறினால் அப்பா திட்டுவதில்லை. வண்டியை எடுக்க மாட்டார், அவ்வளவுதான். கையைத் தட்டில் வைத்தபடி காத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு ஆபீஸில் தனியாளாக வேலை. தங்கையும் கூடப் போனாள். ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, சுவரில் ஊரிலுள்ள லிஃப்டுகளின் வரைபடம், கதவருகே மெக்கானிக் சீட்டுகளை எடுத்துப்போகிற தகரத் தட்டு. போன் வராத நேரத்தில் பாடம். அன்றைக்குச் சிறுநீரகம். ரத்தத்தில் கரைந்திருக்கிற சின்னச் சின்னதையெல்லாம் முதலில் வெளியே வடிகட்டிவிட்டு, பிறகு வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று தங்கை விளக்கினாள். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீடு பெருக்குகிற சரியான முறையே அதுதான் என்று சொல்லி எழுதினாள்.

நடுவில் இரண்டு போன் வந்தது. மூன்றாவது வந்தபோது அக்கா சீட்டை மாற்றிக் கிழித்துத் தட்டில் போட்டுவிட்டாள். அக்காவும் தங்கையும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மெக்கானிக் வந்து எடுத்துப் போய்விட்டார். அவர் பேச்சு குறைந்த மனிதர். சீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்கிறவர். சீட்டில் இருந்தது இது. இடம்: பின்பக்கம், இரண்டு, வலப்பக்கத்ததைவிட இடப்பக்கத்தது கொஞ்சம் மேலே. என்ன கோளாறு: எல்லாரையும் வெளியே தள்ளுகிறது, வேண்டியவர்களை மட்டும் திரும்ப உள்ளே இழுக்கிறது.

பின்பக்கம் இரண்டு லிஃப்ட் இருக்கிற கட்டிடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். நேரே போனார். இடப்பக்கத்து லிஃப்ட் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. கதவும் ஆட்களைத் தோளில் இடித்துத் தள்ளியது. இரண்டையும் சரிசெய்துவிட்டுப் போனார். புகாரே கொடுக்காத கட்டிடத்திலிருந்து மறுநாள் மேனேஜருக்கு நன்றி சொல்லிப் போன் வந்தது. நன்றி வந்தால் விசாரணை வைப்பவர் அந்த மேனேஜர். அவர் அனுபவத்தில் அது இயற்கைக்கு மாறானது.

சீட்டு வெளியே வந்தது. கம்பெனிக் காகிதத்தில் சிறுநீரகம் எழுதக்கூடாது, கம்பெனி அறையில் தங்கைகள் உட்காரக்கூடாது என்று மேனேஜர் இரண்டு உத்தரவு போட்டார். மெக்கானிக் மட்டும் அக்காவிடம் தனியாக வந்து, "இனிமே இந்த மாதிரித் தெளிவா எழுதும்மா. நீ வழக்கமா எழுதறது ஒண்ணும் புரியறதில்லை" என்றார்.

உத்தரவினால் தாவரப் பாடம் அடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன, வேலை முடிந்து வரும் அக்காவுக்குச் சாயங்காலத்தில் கண் சொக்கியது. பறிபோன சிறுநீரகத்தையும் மற்றதையும் அம்மா கொண்டுவந்த சலவைக் கடை அட்டைகளின் பின்பக்கத்தில் எப்படியோ முடித்தார்கள். செடி என்றதும் அக்கா தலையை மேஜையில் வைத்துவிட்டாள். "வேண்டாம்டீ. செடிக்குப் போன் பண்ணத் தெரியாது. அதோட கஷ்டம் எனக்கு எப்படிப் புரியும்?" வெற்று அட்டை ஒன்றில் தங்கை இடக்கையால் செடி என்று மட்டும் எழுதி, மூலையை மடித்து வைத்தாள்.

இதற்குள் வகுப்பு பொறுமை இழந்திருந்தது. சரி என்று அவள் சீட்டுக் கட்டை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினாள். மறுநாளே பத்துப்பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், பிரதியும் கையுமாக.

"இந்தப் பழைய வாட்ச்மேன் யாரு?" என்றாள் ஒருத்தி.

"வால்வு."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 'பெருக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் முற்றத்துல போடு'ன்னு இருக்கே, அது?"

"சிறுநீரகம்."

"எங்களைக் கவுக்கணும்னு முடிவு பண்ணிட்டியா?"

அவள் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வரியில் புரிவது அவர்களுக்கு ஒரு பக்கத்தில் புரியவில்லை. அழகான நோட்டு எல்லாருக்கும் உதவியது, அவளைத் தவிர. இது அவளுக்கு உதவுகிறது, வேறு யாருக்கும் இல்லை. தூங்குமூஞ்சி தன் பிரதியை மடித்தான், பிரித்தான், பெருமூச்சு விட்டான். "இதை மறைச்சு வச்சாலும் ஒண்ணுதான், திறந்து வச்சாலும் ஒண்ணுதான்." வேறு வழியில்லாமல் அந்த வருஷம் வகுப்பே அவரவர் நோட்டை அவரவர் எழுதியது, அவளைத் திட்டிக்கொண்டே. ஜெராக்ஸ் கடைக்காரர்தான் பாவம், படம் இல்லாத பருவம் என்று வருத்தப்பட்டார்.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு வேறு யாருடையதோ போல மெலிந்திருந்தது. பரீட்சை அறையில் பேனாவைப் பிடித்தால் விரல்கள் விறைத்தன. நீளமாக எழுத முடியாது. எழுதுவதற்கு முன்னால் எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசித்தாக வேண்டும். எழுத்து சாய்ந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. அக்காவின் கையெழுத்து அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது போல. அடிக்கோடு போட வந்த ஸ்கேலைப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

இதயம் வந்தது, வாட்ச்மேனைப் புத்தகத்தமிழில் மாற்றி எழுதினாள். தமனிக்கும் சிரைக்கும் வேறுபாடு கேட்டிருந்தார்கள், எழுதினாள். சிறுநீரகம் வரவில்லை. அத்தனை அமர்க்களம் செய்த சிறுநீரகம், ஒற்றை வரிக்கேள்வியாகக்கூட இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே, இருப்பதிலேயே அதிக மதிப்பெண்ணோடு, செடி உட்கார்ந்திருந்தது. உயரமான மரங்களில் நீர் எவ்வாறு மேலேறுகிறது, விளக்குக.

பழைய நோட்டின் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை உள்தலைப்பு, சிவப்புக் கட்டம், அழகான வேர். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. மடித்த மூலை மட்டும் தெரிந்தது. அவள் ஒரு மரத்தை வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டு எழுந்து வந்தாள். வரைவதற்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை; அது மரமா நுரையீரலா என்பது திருத்தியவருக்குத்தான் வெளிச்சம்.

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் பரீட்சை என்ற சொல்லை உபயோகிக்கவில்லை. அம்மா தேவைக்கு அதிகமாகத் துணி மடித்தாள். அக்கா மட்டும் ஒருநாள், தன்பாட்டுக்கு, செடியை எழுதியிருக்கலாம் என்றாள். நான்தானே பேனா வாங்கப் போனேன் என்றாள் தங்கை.

அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள். பாய்ந்து தாண்டவில்லை, சேற்றுக்கு அந்தப்பக்கம் கால் எட்டுகிறதா என்று பார்த்துவைக்கிறவள் மாதிரி, குதிகால் கொஞ்சம் நனைய. ஆனால் அந்தப்பக்கம் போய்விட்டாள். "கையெழுத்து மோசம்" என்றார் டீச்சர். அவர் யாரையும் இவ்வளவு சந்தோஷமாகக் குறை சொன்னதில்லை. தூங்குமூஞ்சி மறுபடியும் முதல். சொந்த நோட்டு, படிக்க முடியாத நோட்டு.

புதுப் பிரிவு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு அவள் பேனாக் கடைக்குப் போய்ப் பச்சை வாங்கிவந்தாள், படியில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து. கைக்குப் பழைய வளைவு திரும்பியிருந்தது. சமையலறை மேஜையில் புது நோட்டை விரித்து, கருநீலத்தில் தலைப்பு எழுதி, அடிக்கோட்டுக்கு ஸ்கேலைத் துடைத்தாள். மனிதர்கள் திருந்துவது என்பது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. நடக்கத்தான் வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியது. ஜெராக்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார் அல்லவா?

அக்கா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், டம்ளரைப் புது நோட்டின் ஓரத்திலேயே வைத்தாள்.

"ஏண்டீ, இன்னிக்கு மெக்கானிக்கிட்ட பேசிட்டிருந்தேன். பத்து மாடிக்கு நாம மோட்டார் வச்சு, கயிறு கட்டி, மாசாமாசம் எண்ணெய் போட்டு ஏத்தறோம். அப்பவும் நின்னுடுது. மரம் தண்ணியை அத்தனை உசரம் எப்படி ஏத்துது? மோட்டார் எங்க இருக்கு?"

தங்கை ஸ்கேலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இலைகளில் நடைபெறும் நீராவிப்போக்கினால் உண்டாகும் இழுவிசை..."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்தாள்.

தங்கை பச்சைப் பேனாவை மூடினாள். அலமாரியிலிருந்து மூலை மடிந்த அட்டையை எடுத்து அக்கா முன்னால் வைத்தாள்.

"மோட்டார் மேலதான்க்கா இருக்கு" என்றாள். "வெயில். அது இலையில இருக்கிற தண்ணியை ஆவியாக்கிடும். அந்த இடத்தை நிரப்ப, கீழ இருக்கறது மேல வரும். ஒண்ணோட கையை ஒண்ணு புடிச்சுக்கிட்டு, வேர்லேருந்து."

அக்கா பேனாவைத் திறந்தாள். "இரு, திருப்பிச் சொல்றேன்" என்றாள்.